கிளைத்த பாலிமர்களும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களைக் கிளைத்த பாலிமர்களால் அழிக்க முடியும் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. அதைப் படித்துவிட்டு உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிலிருந்து கல்லூரி மாணவர்களும், கிராமச் செவிலியர்களும், தேயிலை விவசாயிகளும், நோயாளிகளின் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு, இம்மலையில் மருந்தியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கிளைத்த பாலிமர் என்றால் என்ன?

சிறிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து பிணைந்து உருவாகும் பெரிய மூலக்கூறைத்தான் பாலிமர் என்கிறோம். பாலித்தீன் பையில் இருப்பதும் பாலிமர். நம் உடலிலுள்ள புரதமும், உருளைக்கிழங்கின் மாவுச்சத்தும் பாலிமர்களே. பிணைப்பு ஒரே நீளவாக்கில் சென்றால் அது நேர்கோட்டுப் பாலிமர். வழியில் பிரிந்து பிரிந்து சென்றால் கிளைத்த பாலிமர்.

கிளைப்பதிலும் வகைகள் உண்டு. ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒழுங்காக, அடுக்கடுக்காகப் பிரிந்து வளர்வது டென்ட்ரிமர். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிய இடத்திலிருந்து புதுக் கிளைகள் பிரிந்து, அடுத்த கவாத்தில் அவையும் பிரிந்து, தண்டு ஒன்றாக இருந்தாலும் மேலே கொழுந்து விடும் முனைகள் பெருகிக்கொண்டே போவதை நம் தோட்டங்களில் பார்க்கிறோம்; டென்ட்ரிமரும் அவ்வாறுதான் ஒவ்வொரு சுற்றிலும் தன் முனைகளைப் பெருக்கிக்கொள்கிறது. இச்சுற்றுகளைத் தலைமுறை என்பார்கள். மிக அதிகமாக ஆராயப்பட்ட பாமாம் என்ற டென்ட்ரிமரில், எத்திலீன் டையமீனை மையமாகக் கொண்டு தொடங்கினால், தொடக்கநிலையில் 4 முனைகள், முதல் தலைமுறையில் 8, இரண்டாவதில் 16, நான்காவதில் 64, ஐந்தாவதில் 128 என்று எண்ணிக்கை இரட்டித்துச் செல்லும். இத்தனை முனைகள் இருந்தும் நான்காம் தலைமுறை மூலக்கூறின் குறுக்களவு சுமார் நாலரை நானோமீட்டர்தான். ஒரு பாக்டீரியாவின் நீளம் அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு.

ஒழுங்கின்றி, ஒரே பாத்திரத்தில் ஒரே வினையில் கிளைத்து வளர்வது அதிகிளைத்த பாலிமர். ஒரு மையத்திலிருந்து பல நீண்ட கைகள் மட்டும் புறப்படுவது நட்சத்திர வடிவப் பாலிமர். 1952ஆம் ஆண்டிலேயே பால் ஃப்ளோரி இத்தகைய கிளைப்புகளைக் கணிதமாக எழுதிவிட்டார். ஆய்வகத்தில் அடுக்கடுக்கான கிளைப்பை 1978இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஃபோக்ட்லே குழுவினர் செய்து காட்டினர். 1980களில் அமெரிக்காவில் டொனால்ட் டொமாலியா பாமாம் டென்ட்ரிமரை உருவாக்கினார்.

கேள்வி: இருக்கிற ஆன்டிபயாடிக்குகள் போதாதா? புதிய வழி எதற்கு?

போதவில்லை. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., 1961இலேயே பிரிட்டனில் பதிவாயிற்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக இறந்தனர் என்றும், அத்தகைய தொற்றோடு தொடர்புடைய மரணங்கள் 49 லட்சத்து 50 ஆயிரம் என்றும் பன்னாட்டு மதிப்பீடு ஒன்று கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த முன்னுரிமைப் பட்டியலின் உச்சப்பிரிவில், கார்பபெனம் எனும் வீரியமிக்க ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் பௌமானி என்ற பாக்டீரியா இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரிவோர் இந்தப் பெயரைக் கவலையோடுதான் சொல்வார்கள். இறுதி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டினுக்கும் எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்.-1 மரபணு, பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடியது என்பது 2015இல் சீனாவிலிருந்து தெரியவந்தது.

பழைய மருந்தின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்து புதிய பெயரில் கொண்டுவரும் வழி நமக்கு நெடுநாள் கைகொடுத்தது. ஆனால் தாக்கும் இடம் அதேதான் என்பதால், பாக்டீரியாவும் சிறு மாற்றம் ஒன்றைச் செய்து தப்பித்துக்கொள்கிறது. தாக்கும் இடத்தையே மாற்ற வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் இந்த ஆய்வுகள் வந்தன.

கேள்வி: பாலிமர் எப்படி ஒரு பாக்டீரியாவைக் கொல்லும்?

இதற்கு முதலில் பாக்டீரியாவின் மேற்புறத்தை அறிய வேண்டும். பெரும்பாலான பாக்டீரியாக்களின் வெளிப்புறம் எதிர்மின்சுமை கொண்டது. செல்சுவரின் அமைப்பை வைத்து அவற்றை இரு வகையாகப் பிரிப்பார்கள். கிராம் பாசிட்டிவ் வகையில் தடித்த செல்சுவரும் அதில் டீக்கோயிக் அமிலச் சங்கிலிகளும் உள்ளன. அச்சங்கிலிகளின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்சுமை தருகின்றன. கிராம் நெகட்டிவ் வகையில் செல்சுவர் மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதன் வெளிப்பரப்பில் நெருக்கமாக நிற்கும் லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகள் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை. மக்னீசிய, கால்சிய அயனிகள் இடையில் நின்று அவற்றைக் கட்டிவைக்கின்றன. பல ஆன்டிபயாடிக்குகள் உள்ளே நுழைய முடியாமல் திரும்புவது இந்த வெளிச்சவ்வில்தான்.

கிளைத்த பாலிமரின் முனைகளில் அமீன் அல்லது நான்கிணைய அம்மோனியம் தொகுதிகளைப் பொருத்தினால், அது நேர்மின்சுமை நிறைந்த ஓர் உருண்டையாகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பு அதை ஈர்க்கிறது. வந்து ஒட்டிய பாலிமர் முதலில் மக்னீசிய, கால்சிய அயனிகளை அவற்றின் இடத்திலிருந்து தள்ளிவிடுகிறது. வெளிச்சவ்வின் கட்டுத் தளர்கிறது. அடுத்து உட்சவ்வை அடைந்து, அதன் எதிர்மின்சுமைக் கொழுப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாலிமரில் நீர்வெறுக்கும் பகுதிகளும் இருந்தால் அவை சவ்வின் கொழுப்புப் பகுதிக்குள் செருகிக்கொள்ளும். சவ்வில் விரிசல் விழுந்ததும் உள்ளிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அயனிகளின் போக்குவரத்து கட்டுப்பாட்டை இழக்கிறது. ஆற்றல் உற்பத்தி நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட நொதியைத் தடுத்துவிட்டு பாக்டீரியா மெல்ல நலியக் காத்திருக்கும் முறை அல்ல இது. பல நேரங்களில் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கொல்லும் முறை.

இது மனிதன் புதிதாகக் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. தவளையின் தோல் முதல் நம் வியர்வை, கண்ணீர் வரை, நேர்மின்சுமை கொண்ட சிறு பெப்டைடுகள் இவ்வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. 1987இல் மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலிலிருந்து பிரித்தெடுத்த மகைனின் அவற்றில் புகழ்பெற்றது. அப்பெப்டைடுகளைத் தயாரிக்கச் செலவு அதிகம். உடலின் நொதிகள் அவற்றை விரைவில் துண்டாக்கிவிடும். அவற்றின் குணத்தை உறுதியான வேறோர் உருவத்தில் பெற முடியுமா என்று தேடியவர்களே பாலிமர்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: நேர்கோட்டுப் பாலிமரே நேர்மின்சுமையோடு இருக்க முடியுமே, கிளைகள் ஏன்?

நியாயமான கேள்வி, நேர்கோட்டுப் பாலிமர்களும் பாக்டீரியாவைக் கொல்வதுண்டு. ஆனால் கிளைத்த அமைப்பில் மின்சுமைகள் ஒரு சிறிய இடத்தில் செறிந்து நிற்கின்றன. பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒரே நேரத்தில் பல இடங்களில் பிடித்துக்கொள்ள முடிவதால், ஒரு பிடி விட்டாலும் மற்றவை விடுவதில்லை. முனைகள் பல என்பதால் ஒரே மூலக்கூறில் பலவகை வேலைகளையும் ஏற்றலாம்: சில முனைகளில் மின்சுமை, சிலவற்றில் நீர்விரும்பும் சங்கிலி, உள்ளே இருக்கும் இடைவெளிகளில் வெள்ளி அயனியோ நைட்ரிக் ஆக்சைடு தரும் தொகுதியோ.

எனினும், கிளையும் மின்சுமையும் கூடக்கூட மருந்தின் வீரியமும் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டில் சென், கூப்பர் ஆகியோரின் குழு, பாலிபுரோப்பிலீன் இமீன் டென்ட்ரிமர்களின் முனைகளில் வெவ்வேறு நீளமுள்ள கார்பன் சங்கிலிகளைப் பொருத்திச் சோதித்தது. அவற்றில் 10 கார்பன் சங்கிலி சிறந்து விளங்கியது. 14, 16 என்று நீண்டவை பின்தங்கின. மூலக்கூறின் அளவிலும் இதுபோல் ஒரு நடுநிலை தேவைப்பட்டது. உடன் இருக்கும் எதிர் அயனி குளோரைடா புரோமைடா என்பதுகூட வேறுபாட்டை உண்டாக்கியது. உருண்டை பெரிதானால் செல்சுவரின் வலைக்குள் ஊடுருவ முடியாது; மிகச் சிறிதானால் சவ்வைப் பிளக்கும் வலு இராது. இந்த நுட்பத்தில்தான் வேதியியலாளரின் திறமை இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: நம் உடலின் செல்களையும் அது உடைத்துவிடாதா?

இந்தத் துறை முழுவதற்கும் நடுநாயகமான கேள்வி இதுதான். சோதனைக் குழாயில் பாக்டீரியாவைக் கொல்வது கடினமன்று. பிளீச்சிங் பவுடரும் கொல்லும். நோயாளியை விட்டுவிட்டு நோய்க்கிருமியை மட்டும் கொல்வதுதான் மருந்து.

நம் செல்சவ்வின் வெளிப்புறம் பெரும்பாலும் மின்சுமை நடுநிலையான கொழுப்புகளால் ஆனது. கொலஸ்டிரால் அதற்கு இறுக்கமும் தருகிறது. பாக்டீரியாவின் சவ்வில் பொதுவாகக் கொலஸ்டிரால் இல்லை. ஆகவே நேர்மின்சுமைப் பாலிமர் நம் செல்லைவிட பாக்டீரியாவையே நாடும். ஆனால் நாட்டம் என்பது பாதுகாப்புக்கான உத்தரவாதம் அன்று. நம் செல்களின் மேற்பரப்பிலும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஓரளவு எதிர்மின்சுமை உண்டு. பாலிமரில் நீர்வெறுக்கும் பகுதி மிகுந்தால் அது மின்சுமையைப் பொருட்படுத்தாமல் எந்தச் சவ்விலும் செருகிக்கொள்ளும். அமீன் முனைகள் கொண்ட பாமாமைப் பொறுத்தவரை தலைமுறை கூடக்கூட நம் செல்களுக்கான நச்சுத்தன்மையும் கூடுகிறது.

எனவே ஆய்வாளர்கள் இரண்டு எண்களைச் சேர்த்தே பார்ப்பார்கள். பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு ஒன்று. ரத்தச் சிவப்பணுக்களில் பாதியை உடைக்கும் செறிவு மற்றொன்று. ஒரு பாலிமர் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராமில் பாக்டீரியாவைத் தடுத்து, 400 மைக்ரோகிராமில்தான் பாதிச் சிவப்பணுக்களை உடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தேர்ந்து தாக்கும் விகிதம் 100. நாளிதழில் இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது, எவ்வளவு விரைவாகக் கொல்கிறது என்பதைவிட இந்த விகிதம் என்ன என்பதையே தேடிப் பாருங்கள். அது கொடுக்கப்படவில்லையென்றால் அச்செய்தி பாதிச் செய்திதான்.

நச்சைக் குறைக்க முனைகளில் ஒரு பகுதியை பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளால் மூடுவது ஒரு வழி. மூடினால் நம் செல்கள் தப்புகின்றன. அதிகம் மூடினால் பாக்டீரியாவும் தப்பிவிடுகிறது. அமினோ அமிலங்களைக் கொண்டே பாலிமரைக் கட்டுவது மற்றொரு வழி. அவை சிதைந்தாலும் உடலுக்குப் பழக்கமான பொருள்களாகவே சிதையும்.

ரத்தத்தில் வேறு இடையூறுகளும் உண்டு. அல்புமின் போன்ற புரதங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. பாலிமர் கிருமியை அடையும் முன்பே அவற்றோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். சுமார் ஐந்தாறு நானோமீட்டருக்குக் குறைவானவற்றைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். அதைவிடப் பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடலாம். ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றி நோயாளியின் நாளத்தில் கிடைக்காமல் போவதற்கு இவை போதும்.

கேள்வி: 2016இல் ஆஸ்திரேலியாவில் ஒரு மாணவி சூப்பர்பக் கிருமிகளை வென்றுவிட்டதாகப் படித்தோம். அது என்ன ஆயிற்று?

அது மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. மலேசியாவில் பிறந்த ஷு லாம் அங்கு முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, கிரெக் சியாவ் தலைமையிலான குழுவோடு சேர்ந்து செய்தது. லைசின், வேலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களால் ஆன கைகளை ஒரு டென்ட்ரிமர் மையத்திலிருந்து வளர்த்து, 16 கைகள், 32 கைகள் கொண்ட நட்சத்திர வடிவப் பாலிமர்களை உருவாக்கினார்கள். அவற்றுக்கு ஸ்னாப் என்று பெயரிட்டார்கள். லைசின் நேர்மின்சுமையையும் வேலின் நீர்வெறுக்கும் தன்மையையும் தருகின்றன. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களை மிகக் குறைந்த செறிவில் அவை கொன்றன; கோலிஸ்டினுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் பௌமானியும் அவற்றுள் அடக்கம். வயிற்றறைத் தொற்று ஏற்படுத்தப்பட்ட எலிகளிலும் பயன் தெரிந்தது. 600 தலைமுறைகள் வரை பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தும் எதிர்ப்பு உருவாகவில்லை.

மிகச் சிறந்த ஆய்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எலி வரை சென்ற ஆய்வு. எலியிலிருந்து மனிதனுக்கு வருவதற்கு நச்சுச் சோதனைகள், மூன்று கட்ட மருத்துவப் பரிசோதனைகள், தரக்கட்டுப்பாட்டோடு கூடிய உற்பத்தி என்று பல ஆண்டுப் பணி வேண்டும். ஒரு மாணவி வென்றுவிட்டார் என்ற தலைப்பு, அந்தக் குழுவின் உழைப்பையும் இனி செய்யவேண்டிய உழைப்பையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

கேள்வி: இதற்கு எதிர்ப்பு வரவே வராது என்கிறார்களே?

வரவே வராது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வருவது கடினம் என்பதே சரி. ஒரு நொதியில் ஒரு மரபணு மாற்றம் செய்தால் தப்பிக்கலாம்; முழுச் சவ்வின் அமைப்பையே மாற்றுவது பாக்டீரியாவுக்குப் பெருஞ்செலவு. ஆனாலும் அது முடியாததன்று. ஸ்டஃபைலோகாக்கஸ் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினைச் சேர்த்தும், டீக்கோயிக் அமிலத்தில் டி-அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தும் எதிர்மின்சுமையைக் குறைத்துக்கொள்ளும். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் லிப்போபாலிசாக்கரைடில் நேர்மின்சுமைத் தொகுதிகளை ஒட்டிக்கொள்ளும்; கோலிஸ்டின் தோற்றதும் இவ்வழியில்தான். 1930களிலிருந்து கிருமிநாசினியாக இருக்கும் நான்கிணைய அம்மோனியச் சேர்மங்களை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளும் பாக்டீரியாக்களிடம் உண்டு. எனவே இந்தப் பாலிமர்கள் மருந்தாக வந்தாலும், சளிக்கும் இருமலுக்கும் கொடுத்தால் அவையும் ஒருநாள் பயனற்றுப் போகும்.

கேள்வி: பழைய ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா?

முடியும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என் பார்வையில், மருத்துவத்துக்கு விரைவில் வந்து சேரக்கூடிய வழியும் இதுதான். அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில், மூலக்கூறு எடை 600 மட்டுமே உள்ள கிளைத்த பாலிஎத்திலீன் இமீனை எடுத்துக்கொண்டார்கள். அது எம்.ஆர்.எஸ்.ஏ.வின் டீக்கோயிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது; அதனால் பாக்டீரியாவின் எதிர்ப்புக்குக் காரணமான நொதி தன் வேலையைச் சரிவரச் செய்ய முடிவதில்லை; பயனற்றுப்போன பெனிசிலின் வகை மருந்துகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகின்றன. இங்கே பாலிமர் கொல்லவேண்டியதில்லை, எதிர்ப்பை முடக்கினால் போதும். ஆகையால் அளவையும் நச்சையும் குறைவாக வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தளர்த்தி, வெளியே நின்றுவிடும் மருந்தை உள்ளே விடுவதும் இதே போன்ற முயற்சிதான்.

கேள்வி: மருந்துக் கடையில் இப்போது ஏதாவது கிடைக்கிறதா?

ஊசியாகவோ மாத்திரையாகவோ, உடலுக்குள் சென்று தொற்றைக் குணப்படுத்தும் கிளைத்த பாலிமர் ஆன்டிபயாடிக் எதுவும் கடையில் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வெளிப்பூச்சில் ஒன்று உண்டு. மெல்பர்னில் உள்ள ஸ்டார்ஃபார்மா நிறுவனம் லைசினால் ஆன டென்ட்ரிமர் ஒன்றைப் பெண்களின் பிறப்புறுப்பில் வரும் பாக்டீரியல் வஜைனோசிஸ் தொல்லைக்கான ஜெல்லாக உருவாக்கியது. ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளில் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ 2018இல் கூடுதல் சான்று கேட்டுவிட்டது. அஸ்டோட்ரிமர் சோடியம் எனும் அந்த டென்ட்ரிமரின் மேற்பரப்பில் உள்ள 32 தொகுதிகள் எதிர்மின்சுமை கொண்டவை. மேலே நான் விவரித்த முறைக்கு இது நேர்மாறானது. சவ்வைப் பிளப்பதைவிட, பாக்டீரியாக்கள் செல்களில் ஒட்டுவதையும் படலமாகப் பரவுவதையும் தடுப்பதே இதன் வேலை. தோலின் மீதும் சளிச்சவ்வின் மீதும் இடும் மருந்தாகவே இவ்வகை முதலில் நிலைபெறும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

கேள்வி: தேயிலைத் தோட்ட வேலையில் வெட்டுக்காயமும் அட்டைக்கடியும் சாதாரணம். ஆறாத புண்ணுக்கு இது உதவுமா?

ஆறாத புண்களிலும், சிறுநீர்க் குழாய், செயற்கை மூட்டு போன்றவற்றிலும் பாக்டீரியாக்கள் தனித்தனியே இருப்பதில்லை. தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக உயிரிப்படலமாக வாழ்கின்றன. அப்படலத்துக்குள் மருந்து எளிதில் எட்டாது. காயக்கட்டுத் துணியிலும் குழாய்களின் பரப்பிலும் கிளைத்த பாலிமர்களை நிலையாகப் பிணைத்து வைத்தால், பாக்டீரியா வந்து ஒட்டும்போதே கொன்று படலம் உருவாகாமல் தடுக்கலாம். பாலிமர் ரத்தத்தில் கலக்காததால் ஆபத்தும் குறைவு. நைட்ரிக் ஆக்சைடு தரும் டென்ட்ரிமர்கள் ஏற்கெனவே உருவான படலத்தையும் ஊடுருவுகின்றன என்று ஆய்வகத்தில் தெரிகிறது.

இன்று உங்கள் காலில் இருக்கும் புண்ணுக்கு வேண்டியது அதுவல்ல. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது, டி.டி. ஊசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் சர்க்கரை அளவைச் சோதிப்பது ஆகியவை வேண்டும்.

கேள்வி: நீலகிரித் தைலமும் கிருமியைக் கொல்லுமே?

அதிலுள்ள சினியோலுக்கு ஆய்வகத்தில் ஓரளவு கிருமியெதிர்ப்புத் திறன் உண்டு. ஆனால் அதற்குத் தேவையான செறிவு அதிகம். பாக்டீரியாவையும் நம் செல்லையும் பிரித்தறியும் தன்மை குறைவு. மருந்தெதிர்ப்புத் தொற்றுக்கு அது மாற்றாகாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிட்டால் வலிப்பு வரை கொண்டுபோகும் என்பதால் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பாலிமர் மருந்துகள் ஓடைகளில் கலந்தால் என்ன ஆகும்?

இக்கேள்வியைக் கேட்டவர் கூடலூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி. ஆய்வுக் கட்டுரைகளில் பலவும் இதை எழுப்பாமலே முடிந்துவிடுகின்றன என்பதால் இதை மிகவும் மதிக்கிறேன்.

பாலிமர் எல்லாம் பிளாஸ்டிக் அல்ல. நம் ஓடைகளில் அடைத்துக்கொள்ளும் பைகளோடும் புட்டிகளோடும் இதை ஒன்றாக வைக்க வேண்டியதில்லை. நீரில் கரையும், அளவும் மிகச் சிறிது. ஆனால் கவலைக்கு வேறு காரணம் உண்டு. நேர்மின்சுமைப் பாலிமர்கள் பாசிகளுக்கும் மீன்களின் செவுள்களுக்கும் நச்சாகக்கூடியவை. எளிதில் சிதையாத பாலிமர் கழிவுநீரில் மிகக் குறைந்த செறிவில் நீடித்திருந்தால், பாக்டீரியாவைக் கொல்லாமல் எதிர்ப்புக்குப் பழக்கும் வேலையை அது செய்யும். நீலகிரியின் நீர் நீலகிரியோடு நிற்பதில்லை. குந்தாவும் பவானியும் பில்லூர் அணைக்குச் சென்று கோயம்புத்தூரின் குடிநீராகின்றன. ஆகவே பெப்டைடு, எஸ்டர் பிணைப்புகளால் ஆன, நொதிகளாலும் நீராலும் தானே சிதையும் கிளைத்த பாலிமர்களையே முன்னெடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். வீரியம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

1907இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் பணி தடுப்பூசி. வெறிநாய்க்கடி மருந்தில் தொடங்கி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசி வரை அதன் உழைப்பு இருக்கிறது. பாலிமரோடு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், மருந்தெதிர்ப்போடு தொடர்பு உண்டு. தடுப்பூசியால் வராமல்போன ஒவ்வொரு தொற்றும், கொடுக்காமல் மிச்சமான ஓர் ஆன்டிபயாடிக். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. நிமோனியாவுக்கு ஊசிமேல் ஊசி போட்ட காலத்தை அறிந்த செவிலியர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: இவ்வளவு நல்ல பொருள் என்றால் நிறுவனங்கள் ஏன் விரைந்து தயாரிக்கவில்லை?

டென்ட்ரிமரின் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனி வினைகளும் சுத்திகரிப்பும் வேண்டும். செலவு ஏறிக்கொண்டே போகும். அதிகிளைத்த பாலிமரை ஒரே வினையில் மலிவாகச் செய்யலாம். ஆனால் அதில் மூலக்கூறுகள் பல அளவுகளில் கலந்திருக்கும், ஒருமுறை தயாரித்தது போல் மறுமுறை தயாரிப்பது இராது. அளவு மாறினால் நச்சும் மாறும் என்பதை மேலே பார்த்தோம். கட்டுப்பாட்டு அமைப்புகள் இதை ஏற்கத் தயங்குவது சரியே. அதற்கும் மேலாக, ஆன்டிபயாடிக் என்பது சில நாள்கள் மட்டும் சாப்பிட்டு நிறுத்தும் மருந்து. புதியது வந்தாலும் மருத்துவர்கள் அதைச் சேமித்தே வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். ஆயுள் முழுவதும் சாப்பிடும் மாத்திரையில் வரும் வருமானம் இதில் வராது. பொதுப்பணம் இல்லாமல் இத்துறை நகராது.

கேள்வி: என் தாயாருக்குச் சிறுநீர்த் தொற்று. எந்த மருந்துக்கும் கேட்காத கிருமி என்கிறார்கள். இந்தப் பாலிமர் மருந்தைக் கேட்டுப் பெற முடியுமா?

இப்போதைக்கு முடியாது என்று தெளிவாகச் சொல்வதே உங்களுக்கு நான் செய்யும் உதவி. மனிதர்களிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் யாவும் நம் நாட்டில் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அதில் இல்லாத ஒன்றைப் பரிசோதனை என்ற பெயரில் யாரும் உங்களுக்குக் கொடுக்க இடமளிக்காதீர்கள்.

எந்த மருந்துக்கும் கேட்காது என்பது பல நேரங்களில் வழக்கமான மருந்துகளுக்குக் கேட்காது என்பதையே குறிக்கும். சிறுநீர்க் கல்ச்சர் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். எந்தக் கிருமி, ஒவ்வொரு மருந்துக்கும் அது அடங்குகிறதா இல்லையா என்று அதில் வரிசையாக இருக்கும். ஃபாஸ்ஃபோமைசின், நைட்ரோஃபுரான்டாயின் போன்ற பழைய மருந்துகளுக்கு அடங்கும் வாய்ப்பு இருக்கிறதா, தாயாரின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால் அது இன்னும் தேவையா, மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் அறிக்கையில் மட்டும் கிருமி இருந்தால், முதியவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. முன்பு மிஞ்சிய மாத்திரைகளையும், பக்கத்து வீட்டார் தந்தவற்றையும் கொடுக்க வேண்டாம். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகள் அட்டவணை எச்1இல் வைக்கப்பட்டு, சீட்டின்றி விற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

கோவைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், கல்ச்சர் அறிக்கைகள் அனைத்தையும், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், தேதியோடு எழுதிய தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். புதிதாகக் கல்ச்சர் வைத்தால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். பழைய அறிக்கை இருந்தால் சரியான மருந்தை அங்கே முதல் நாளிலேயே தொடங்க முடியும்.